முக்காட்டுச் செல்லும் மைக்செட் அய்யூபும்

ராஜபாளையம்
8.1.1989

அகில உலக ஆட்டுக்குடல் ஆராய்ச்சித் திலகமும், என் அக்கா ஹபீபுன்னிசா பெற்ற ஒரே மாணிக்கமுமான நூர்பானுவுக்கு, அய்யூப் சவுண்ட் சர்வீஸ் என்னும் பேரரசில் நான்கு குழாய், இரண்டு ஆம்ப்ளிபயர், தள்ளினால் ஓடும் ஒரு வேன் ஆகியவற்றைக் கட்டி ஆளும் உன் மாமன் ஸலாம் சொல்லி எழுதுவது.

போன ஐப்பசியில் நான் லாரி ஏற்றி மெட்ராசுக்கு அனுப்பிய கன்னி இன ஆடுகள் இரண்டும் எப்படி இருக்கின்றன? முகத்தில் வெள்ளைக்கோடு உள்ளது தாசில்தார். கோடு கொஞ்சம் கோணலாக இருப்பது கலெக்டர். இந்தச் சீமையிலேயே அவற்றுக்கு இணையான ஆடுகள் இல்லை. தேவதானத்தில் நான் அவற்றை விலை பேசியபோது மலையே எட்டிப் பார்த்தது. அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. மரியாதை இல்லாவிட்டால் அவை குடலைக் காட்டா.

உன் அத்தா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்க மாட்டேன். கேட்கவும் வழியில்லை. நீ மேற்படிப்புக்குப் போகிறாய் என்றதும் அவர் தம் டீக்கடை வாசலில் நின்று என்னைப் பார்த்து, "உம்ம கொழாப் பேச்சைக் கேட்டுத்தானே என் புள்ள ஆட்டுக்கொடலை அளக்கப் போவுது? இனிமே உம்ம சத்தம் இந்த ஊருக்குள்ள கேக்கப்படாது" என்றார். நானும் சும்மா வரவில்லை. "நீங்களா வந்து கூப்பிடுத வரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணுல என் கால் படாது மச்சான்" என்று ஆணையிட்டேன். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. மைக் இல்லாமலே.

ஆணை இன்றுவரை அப்பழுக்கில்லாமல் நிற்கிறது. ஒரே சங்கடம், மதுரை பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகிறது. ஊர் எல்லை வந்ததும் இரண்டு காலையும் தூக்கி முன்சீட்டுக் கம்பியில் வைத்துக்கொள்வேன். ஊர் தாண்டும்வரை இறக்குவதில்லை. போன வாரம் கண்டக்டர், "என்ன பாய், கீழ எலி ஓடுதா?" என்றான். "வைராக்கியம் ஓடுது, நீ டிக்கெட்டைக் கிழி" என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அங்கே செய்வது என்ன என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அய்யூபுக்குப் பேச்சு வராமல் போவது இந்த ஊருக்கே அபசகுனம். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் மாமன்,
மு. அய்யூப்


சென்னை
20.1.1989

மாமா,

தாசில்தாரும் கலெக்டரும் நலம். கலெக்டர் என் துப்பட்டாவில் ஒரு முழத்தைத் தின்றுவிட்டது. மற்றபடி அதிகாரத் துஷ்பிரயோகம் எதுவும் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும் இல்லையா? குத்தியது காலில், வீங்குவது ஏன் அங்கே? அங்கே நிணநீர்க் கணு என்று ஒன்று இருக்கிறது. உடம்பின் காவலர்கள் கூடும் இடம். அதே மாதிரிக் கணுக்கள் குடலைத் தாங்குகிற சவ்விலும் வரிசையாக உண்டு. ஆட்டுக்குடல் கழுவுகிறவர்கள் கொழுப்புக்கு நடுவே கையில் தட்டுப்படுகிற கட்டி என்பார்கள்.

குடலுக்குள் தினமும் என்னென்னவோ வருகிறது. சாப்பாடு வருகிறது, கிருமியும் வருகிறது. குடல் சுவரில் ஒருவகைச் செல் காத்திருக்கிறது. வந்ததில் ஒரு துணுக்கை எடுத்துக்கொள்ளும். பிறகு இருந்த இடத்தை விட்டுக் கிளம்பும். நிணநீர் ஓடுகிற மெல்லிய நாளத்துக்குள் நுழைந்து, மிதந்து, கணுவுக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கிற காவல் செல்களுக்குத் தான் கொண்டுவந்த துணுக்கைக் காட்டும். பொருத்தமான காவல் செல் அதைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டால் பல்கிப் பெருகி, ரத்தம் வழியாகச் சுற்றி, மறுபடி குடலுக்கே வந்து காவல் நிற்கும்.

போகிற வழியில் அந்தச் செல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் என் வேலை. நடுவில் கணு இருந்தால் அங்கேயே தங்கிவிடும். அதனால் தாசில்தாருக்கு மயக்க மருந்து கொடுத்து அந்தக் கணுக்களை எடுத்துவிட்டோம். சில வாரத்தில் நாளங்கள் தாமே ஒட்டிக்கொண்டன. அதன்பின் விலாப்பக்கம் ஒரு மெல்லிய குழாய் வைத்தேன். தாசில்தார் பாட்டுக்கு நின்று அசைபோடுகிறது, குழாயில் சொட்டுச் சொட்டாக நிணநீர் வருகிறது. கொழுப்பு சேர்ந்திருப்பதால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அத்தா பார்த்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்பார்.

அந்த நீரில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மற்ற செல்கள் உருண்டையாகக் கிடந்தன. நடுவே ஒன்று, சுற்றிலும் மெல்லிய மடிப்பு மடிப்பான திரை அசைய மெதுவாக நகர்ந்தது. வெளிநாட்டில் இதற்கு முக்காடு போட்ட செல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் பின்னால் திரும்பிக் கூப்பிட வாயெடுத்தேன். லேபில் யாரும் இல்லை. அம்மாவைக் கூப்பிடத் தோன்றியது.

ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எலியில் இதை ஏற்கெனவே பார்த்து எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்துக் கன்னி ஆட்டிலும் அப்படித்தானா என்று நான் பார்க்கிறேன். தாசில்தாரில் பார்த்தாயிற்று. கலெக்டரிலும் பார்த்தால்தான் என் பேராசிரியர் கிருபாபாய் மேடம் நம்புவார். நானும் அப்போதுதான் நம்புவேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு. மைக்குக்கு அல்ல.

நூர்பானு


ராஜபாளையம்
5.2.1989

முக்காட்டுச் செல் கண்ட மூதறிஞரே,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் குடல்சுவர் முழுக்க ஒரு சேனை நிற்கிறது என்று தெரிந்தபின் அதன் தலையில் ரசத்தை எப்படி ஊற்றுவேன்? நாலு வாய்க்கு ஒருமுறை நிறுத்தி, "மெதுவா, மெதுவா, உங்களுக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன்.

மைக்குக்கு அல்ல என்று எழுதியிருந்தாய். கலங்கரை விளக்கிடம் வெளிச்சத்தை ஒளித்துவை என்பது மாதிரி அது. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் சந்தை. நம் டிரைவர் மாரிசாமி வேனைத் தள்ளி ஸ்டார்ட் செய்தான். நான் மைக்கைப் பிடித்தேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே! உலகமே இதுகாறும் காணாத அதிசயம்! நமது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஹுமாயூன் அவர்களின் அருந்தவப் புதல்வி நூர்பானு, மனிதக் குடலில் ஒளிந்திருந்த ரகசியப் படையைக் கண்டுபிடித்துவிட்டார்! குடல்புண்ணுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் இனி விடைகொடுப்போம்!"

மாரிசாமி மெதுவாக, "பாய், ஆட்டுக்கொடலுன்னுல்லா சொன்னிய?" என்றான். "ஏலே, ஆட்டுக்கு இருக்கது மனுசனுக்கு இருக்காதா? வண்டிய ஓட்டு" என்றேன். "குடல்புண்ணுன்னு கடுதாசில இருந்துச்சா?" என்றான். "எழுத எடம் பத்தியிருக்காது" என்றேன்.

சந்தை வாயைப் பிளந்தது. கத்தரிக்காய்க்காரி தராசைக் கீழே வைத்துவிட்டாள். மேற்கே அய்யனார் கோவில் அருவிகூட ஒரு நொடி நின்று கேட்டதாகத் தகவல்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நான் போக முடியாது. அதற்காக அந்த ஊர் இருட்டில் கிடக்கலாமா? அதே பேச்சைக் கேசட்டில் பதிந்து மாரிசாமியிடம் கொடுத்தேன். உன் அத்தா கடைக்கு நேர் எதிரே வேனை நிறுத்தி, ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம் திருப்பிப் போட்டுச் சாயங்காலம்வரை ஓட்டினான். என் கால் மண்ணில் படவில்லை, குரல் மட்டும் போனது. ஆணையில் குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோட்டீசும் அடித்தேன், ரோஸ் காகிதம். ஒன்று இத்துடன் இருக்கிறது.

உன் அத்தா கடைக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லையாம். பெருமையில் மூச்சடைத்திருக்கும்.

அய்யூப்


சென்னை
14.2.1989

மாமா,

நோட்டீசைப் பார்த்தேன். நீங்கள் அனுப்பியதை அல்ல. கிருபாபாய் மேடத்தின் மேசையில் இருந்ததை. ராஜபாளையத்திலிருந்து இங்கே படிக்கிற ஒருவர் ஊருக்குப் போய்வந்தபோது கொண்டுவந்திருக்கிறார். மேடம் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதுல எது உன்னோடது நூர்பானு?" என்று கேட்டார். வரி வரியாகப் பார்த்தேன். என் பெயரைத் தவிர எதுவும் என்னுடையது இல்லை.

அது என் பாடு, விடுங்கள். அம்மா எழுதியதைச் சொல்கிறேன். அத்தா வெளியே வராததற்குக் காரணம் பெருமை இல்லை. கடை முன்னால் கூட்டம். "ஒம்ம மவ மருந்து எப்ப வரும்" என்று கேட்கிறார்கள். அத்தாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொய் என்றால் மகள் பொய் சொன்ன மாதிரி. மெய் என்றால் மருந்து இல்லை. ஆகவே ஒன்றும் சொல்லாமல் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். ஒரு அம்மா மட்டும் போகவில்லை. கூமாப்பட்டிக்காரர். வயிற்றில் புண், ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறார். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் போய்ச் சேரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு அத்தா கடை பெஞ்சில் வந்து வந்து உட்காருகிறார். "கத்தி வைக்கிற எடத்துக்கு நான் எதுக்குப் போவணும், அந்தப் புள்ள வரட்டும், அது கையால வாங்கிக் குடிச்சுக்கிடுதேன்" என்கிறாராம். அம்மா சொன்னால் கேட்கவில்லை. "கொழாயில சொன்னாவளே" என்கிறாராம்.

அந்த முக்காட்டுச் செல்லைப் பற்றி நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அது கூவாது மாமா. தொட்டுக் காட்டும். தான் எடுத்த துணுக்கை மட்டும் காட்டும், வழியில் எதையும் கூட்டிக்கொள்ளாது. கூட்டிச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? தினமும் தின்கிற சோற்றையே எதிரி என்று நினைத்து உடம்பு போர் தொடுக்கும். சண்டையில் குடலே புண்ணாகும். உங்களைப் போல ஒரு செல் என் வயிற்றில் இருந்திருந்தால் நான் இட்லி தின்றே செத்திருப்பேன்.

இன்னொன்று. அது கேசட் அனுப்பாது. தானே கிளம்பிப் போகும்.

நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். அதே இடத்தில், உங்கள் வாயால், இல்லாததை இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு எழுதாதீர்கள்.

நூர்பானு


ராஜபாளையம்
21.2.1989

நூர்பானுவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இட்லி விஷயம் நெஞ்சில் குத்தியது. மாரிசாமியிடம் படித்துக் காட்டினேன். அவன் சிரித்ததை நான் மன்னிக்கவில்லை.

பெருமைப்பட்டது ஒரு குற்றமா? உன் பெயரை நாலு குழாயிலும் கேட்க வேண்டும் என்று நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து காத்திருந்தவன் நான். இந்த ஊரில் யார் யாருக்கோ வருக வருக என்று கத்தியிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைக்கு ஒருமுறை கத்தினேன்.

திருத்தம் சொல்லத் தயார். ஆனால் என் காலை அந்த மண்ணில் வைக்கச் சொல்லாதே. மாற்று வழிகள் யோசித்திருக்கிறேன். ஒன்று, வேறு கேசட். நீ வேண்டாம் என்பாய். இரண்டு, ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று நாலு குழாயையும் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்துக் கட்டிப் பேசுகிறேன். காற்று ஒத்துழைத்தால் கோபுரத்தின் உச்சி வரைக்கும் கேட்கும். மூன்று, மாரிசாமி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவது. அவன், "ஆணை ஒங்களோடது, இடுப்பு என்னோடது பாய்" என்கிறான்.

உன் அத்தா ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். அவரும் கூப்பிட மாட்டார்.

அய்யூப்

பின்குறிப்பு: அந்த அம்மாவின் பெயரை நீ எழுதவில்லை.


சென்னை
24.2.1989

பிச்சையம்மாள். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. அவர் உங்கள் குரலைக் கேட்டிருக்கிறார்.

நூர்பானு


ராஜபாளையம்
6.3.1989

நூரு,

போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கார்டு வந்த மறுநாள் காலை மதுரை பஸ்ஸில் ஏறினேன். பழக்கதோஷத்தில் எல்லை வந்ததும் கால் தானாக மேலே போனது. பஸ் ஸ்டாண்டில் நின்றதும் இறக்கி வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மண் மண்ணாகத்தான் இருந்தது. கண்டக்டர், "எலி போயிட்டா பாய்?" என்றான். நான் கடையைப் பார்த்து நடந்தேன்.

உன் அத்தா பாய்லருக்குப் பின்னால் நின்றார். என்னைப் பார்த்தார். நான், "மச்சான், நீங்க கூப்பிடல. நானா வந்திருக்கேன்" என்றேன். அவர் கண்ணால் பெஞ்சைக் காட்டினார்.

அந்த அம்மா மிகவும் மெலிந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். "தாயி, கொழாயில பேசினவன் நாந்தான்" என்றேன். குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "அந்தப் புள்ள வந்துட்டா?" என்றார்.

"வரல. மருந்தும் இல்ல. நான் கூட்டிச் சொல்லிட்டேன்."

முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டார். "பொய்யா சொன்னீரு?"

"ஆமா."

"கொரலு மட்டும் நல்லாருக்கு," என்றார்.

நாற்பது வருஷம் மேடையில் நின்றவன், அந்த ஒரு பாராட்டைத் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "அங்கயும் எதாவது கூட்டிச் சொல்லுவீரா?" என்றார். "மாட்டேன்." "அப்பொ வாரேன்" என்றார்.

கிளம்புமுன் ஊருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. மாரிசாமி பின்னாலேயே வேனில் வந்து எதிரே நிறுத்தியிருந்தான். மைக்கை வாங்கி இதை மட்டும் சொன்னேன்.

"நான் அய்யூப். போன மாசம் இங்க கேசட்டுல பேசினது நாந்தான். மருந்துன்னு எதுவும் இல்ல. வயித்துல புண்ணு இருக்கவிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. என் மருமக நூர்பானு ஆட்டுக்கொடல்ல ஒரு செல்லப் பாக்கா. அது கொடல்ல இருந்து கெளம்பி பக்கத்துக் கணுவுக்குச் சேதி கொண்டுபோவுது. எலில மத்தவிய பாத்ததை நம்ம கன்னி ஆட்டுல இவ பாத்திருக்கா. ஒரு ஆட்டுல. இன்னொரு ஆட்டுலயும் பாக்கணும். அம்புட்டுதான்."

ஒருத்தன், "இதுக்கா மைக்கு?" என்றான். கூட்டம் கலைந்துவிட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் கூட்டம் கலைந்ததில்லை.

உன் அத்தா மட்டும் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.

"ஒரு ஆட்டுல பாத்தாளா?"

"ஆமா மச்சான்."

"அவ கண்ணாலயா?"

"அவ கண்ணாலதான்."

உள்ளே போனார். கிளாசைச் சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசி, எனக்கு ஒரு டீ ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு பாய்லரை அணைத்துவிட்டுக் கடையைச் சாத்தினார். ரம்ஜான் பெருநாளுக்குத் தவிர அந்தக் கடை சாத்தி நான் பார்த்ததில்லை. "நடங்க, அந்தம்மாவ ஒத்தையாளா எப்படிக் கூட்டிட்டுப் போவீரு" என்றார். மதுரை வரை பிச்சையம்மாளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த அம்மாதான் எங்கள் இருவரிடமும் பேசிக்கொண்டு வந்தார்.

சேர்த்துவிட்டோம். ரத்தம் ஏற்றுகிறார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பாய். பிழைத்துவிடுவார் என்று சொல்லவில்லை. "இப்பயாவது கூட்டிட்டு வந்தீங்களே" என்றார். அதைத்தான் சொன்னார்.

மேடத்துக்கு ஒரு கடிதம் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டீசில் இருந்ததெல்லாம் என் கைச்சரக்கு என்று அதில் இருக்கிறது. பட்டம் எதுவும் போடாமல் கையெழுத்திட்டிருக்கிறேன்.

மாமா


சென்னை
2.6.1989

மாமா,

மேடம் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "இவர் நல்லா எழுதுறார். சுருக்கமா" என்றார். உங்களைச் சுருக்கம் என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

பிச்சையம்மாள் கூமாப்பட்டிக்குத் திரும்பிவிட்டதாக அம்மா எழுதியிருந்தார். வயலுக்குக்கூடப் போகிறாராம்.

கலெக்டரிலும் பார்த்துவிட்டேன். நேற்று மாலை. முதல் சொட்டிலேயே இரண்டு. அதே திரை, அதே நடை. மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, தான் உட்காரும் நாற்காலியை என் பக்கம் தள்ளி, "உட்காரு" என்றார். மூன்று வருஷத்தில் அந்த நாற்காலியை அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தேன் மாமா. கால் தரையில் படாத மாதிரி இருந்தது.

கலெக்டர் குழாயோடு நின்று இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

இனி மைக்கில் சொல்லலாம். ஆனால் இதை மட்டும்: "நூர்பானு இரண்டு கன்னி ஆடுகளில் பார்த்தாள். இரண்டிலும் இருந்தது." ஒரு சொல் கூடக்கூடாது.

நூர்பானு


ராஜபாளையம்
11.6.1989

கலெக்டரையும் தாசில்தாரையும் வென்ற கோமகளே,

பட்டம் கடிதத்தில்தானே போடுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் உத்தரவுப்படி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு, காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, போனேன். பிச்சையம்மாள் முன்பெஞ்சில் இருந்தார். "இன்னைக்கி உள்ளதைத்தானே சொல்லுவீரு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். உன் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடை வாசலில் நின்றாள். நான் மைக்கைப் பிடித்து, நீ எழுதியதை எழுத்துப் பிசகாமல் சொன்னேன். "நூர்பானு இரண்டு கன்னி ஆடுகளில் பார்த்தாள். இரண்டிலும் இருந்தது." நிறுத்தினேன். நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

அப்போது உன் அத்தா வந்தார். வாழ்நாள் முழுக்க அந்தக் குழாயைத் திட்டியவர், என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. என் மக ரெண்டு ஆட்டுல பாத்திருக்கா" என்றார். சரிதான் என்று நான் தலையாட்டினேன். அவர் நிறுத்தவில்லை. "ரெண்டு ஆடுன்னா சும்மா ஆடு இல்ல. உலகத்துல ஒருத்தனும் இதுவரைக்கும்..." என்று ஆரம்பித்தார்.

நூரு, நான் என் தொழிலில் ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். ஓடிப்போய் ஆம்ப்ளிபயர் வயரைப் பிடுங்கினேன்.

பயனில்லை. அவர் மைக் இல்லாமலே பேசிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

உன் மாமன்,
அய்யூப்